கஷாயத்தில் பிழிந்த எலுமிச்சம்பழம்

அன்று அந்த அறையில் இருந்தது ஐந்து பேர். டாக்டரம்மா, பக்கத்துக் கட்டடத்திலிருந்து வந்திருந்த சித்த மருத்துவர், என் வீட்டுக்காரர், கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு வரும் ஒரு அம்மா, அப்புறம் நான். கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனை. போன வருடம் ஆடி மாதம், காலை பதினொரு மணி இருக்கும். அந்த ஐந்து பேரில் பொய் சொன்னது நான் ஒருத்திதான்.

சின்னசேலம் பக்கம் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை என்றால் வண்டி கவிழ்ந்துவிட்டது என்று முடிவே கட்டிவிடுவேன்.

நீர்க்கடுப்பு என்றுதான் எனக்கு ஆரம்பித்தது. அடிவயிற்றில், நீர்ப்பை இருக்கிற இடத்தில், சிறுநீர் சேரச் சேர வலிக்கும். போய்விட்டு வந்தால் கொஞ்சம் தேவலை, பத்தே நிமிடத்தில் மறுபடியும். மூன்று வருடம் இப்படி. எத்தனை முறை சோதித்தாலும் கிருமி இல்லை என்று சீட்டு வரும். கிருமி இல்லையென்றால் புற்றாகத்தான் இருக்கும் என்று நடுங்குவேன். மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். கல்யாண வீட்டுக்குப் போனால் மணமேடையைப் பார்ப்பதற்கு முன் கக்கூஸ் எங்கே என்று பார்ப்பேன். பஸ் ஏறுவதென்றால் முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். யாராவது கேட்டால் வயிற்றுவலி என்பேன். அந்த இடத்தின் பேரைச் சொல்ல அவ்வளவு வெட்கம்.

இந்த டாக்டரம்மாவிடம் முதலில் போனபோது எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டு, "ஒரு நோட்டு வாங்கிக்கோம்மா. என்ன சாப்பிட்ட, என்ன குடிச்ச, எப்ப எப்ப சிறுநீர் போன, எப்ப வலி ஜாஸ்தி, எல்லாத்தையும் எழுதினு வா. நானும் சித்தா டாக்டரும் சேர்ந்தே பாக்கறோம்" என்றார். மருந்து தராமல் நோட்டு வாங்கச் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சல். ஒரு வரிகூட எழுதவில்லை.

அதற்கு நடுவில்தான் சந்தையில் அந்த மலை அம்மாவிடம் போனேன். என் வயதுதான் இருக்கும். சாமை, கடுக்காய், தேன் எல்லாம் வைத்து விற்பார். கேட்டால் பச்சிலையும் கொண்டுவந்து தருவார். பொங்கலுக்குக் காப்புக் கட்டுவோமே, அந்தச் சிறுபீளையும் நெருஞ்சி முள்ளும் காயவைத்துக் கட்டிக் கொடுத்தார். "வெறுங்கசாயமா குடிக்கணும்மா. புளிப்பு சேத்தா ஆவாது" என்று சொல்லித்தான் கொடுத்தார். வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்றிருந்தார்.

நீர்க்கடுப்பு என்றால் சூடு, சூட்டுக்கு எலுமிச்சம்பழம். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான் வைத்தியம். நானும் தினம் ஏழெட்டுப் பழம் பிழிந்து உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். கஷாயம் மண்வாடை அடித்ததால் அதிலும் அரை மூடி பிழிந்துகொண்டேன். குளிர்ச்சிதானே, இதையா அந்த அம்மா வேண்டாம் என்றிருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் நாள் உட்கார முடியவில்லை. மிஷின் மிதித்தால் உயிர் போகிறது. ஜாக்கெட் வாங்க வருகிற ஒவ்வொருத்தியிடமும், மலைக்காரி எதையோ கொடுத்து என்னைச் சாகடிக்கப் பார்த்தாள் என்று சொன்னேன். மூன்று வருடம் வாயே திறக்காதவள், ஆள் மேல் பழி போட மட்டும் நன்றாகப் பேசினேன். அடுத்த சந்தைக்குப் போய் நாலு பேர் முன்னால், "எந்த எலைய புடுங்கியாந்து குடுத்த? என் வயித்தையே புண்ணாக்கிட்டியே!" என்று கத்தினேன். தேன் வாங்க வந்தவள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

மலை அம்மா அழவில்லை. "இன்னாம்மா, இந்தக் கத்து கத்தற? எந்த டாக்டரு கிட்ட வேணா கூப்புடு, வர்றேன். நான் குடுத்தது இன்னான்னு அவங்களே பாத்து சொல்லட்டும். என் பொயப்பே இதுதான்" என்றார். நான் நாள் சொன்னேன். வரமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மடியில் அதே பச்சிலைப் பையோடு.

சித்த மருத்துவர் பையைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். சரியான செடிதான் என்றார். அப்புறம் என்னிடம், "இதோட வேற என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்."

வீட்டுக்காரர் வெள்ளந்தி. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தார். "எலுமிச்சம்பழத்த சொல்லு. நான்தான் சார் தெனம் வாங்கியாந்து குடுக்கறேன். கசாயத்துலயும் புழிஞ்சிக்கும்."

மலை அம்மா என் பக்கம் திரும்பினார். "கசாயத்துலயா? யம்மா, நான் குடுத்தது மருந்தா, ரசமா? புளிப்பு ஆவாதுன்னு சொன்னனா இல்லியா?"

"சொல்லல" என்றேன்.

"சொன்னாங்களே," என்றார் வீட்டுக்காரர். "நான் பக்கத்துலயேதான நின்னுகினு இருந்தேன்."

டாக்டரம்மா குனிந்து எதையோ எழுதினார். என் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் எழுதினார் என்று நினைக்கிறேன்.

டாக்டர்கள் இரண்டு பேரும் திட்டவே இல்லை. என் வியாதி புற்று இல்லை, கிருமியும் இல்லை, நீர்ப்பையின் உள்தோல் ரணமாகிவிட்ட மாதிரி சும்மாவே எரிகிற வியாதி என்றார் டாக்டரம்மா. நாக்குக்குக் குளிர்ச்சியாக இருக்கிற எலுமிச்சை அந்த இடத்துக்கு ரணத்தில் பிழிந்த மாதிரி என்றார் சித்த மருத்துவர். புளிப்பு, காரம், டீயை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் தெரியும் என்றார்கள். பயத்தில் அடிக்கடி போகாமல் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் தள்ளிப் பழக வேண்டும், தண்ணீரை நிறுத்தக் கூடாது. நான் எப்போதும் இறுக்கிப் பிடித்தே வைத்திருக்கிற அடிவயிற்றுத் தசையைத் தளர்த்த மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு மாத்திரை. சிறுநீரகச் சோதனை பார்த்த பிறகுதான் கஷாயம். "ஒரே மருந்துல போயிடும்னு நாங்க யாரும் சொல்லமாட்டோம்மா" என்றார் டாக்டரம்மா. மலை அம்மாவிடமும், சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்களுக்கு இதைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்றார்கள். "செரிங்க" என்றார். பையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

வெளியே வராண்டாவில் அவர் நின்றார். எனக்காகத்தான் நின்றார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவசரம்" என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். உண்மையில் அப்போது எனக்கு வரவே இல்லை. கதவில் கை வைத்துக்கொண்டு, அவர் போய்விட்டாரா என்று காது கொடுத்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தபோது வீட்டுக்காரர் மட்டும் இருந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிடுச்சு. ஒடம்ப பாத்துக்க சொல்லிச்சு" என்றார்.

இப்போது வலி பாதிக்குப் பாதி கம்மி. முழுசாகப் போகவில்லை. ஆனால் ஜாக்கெட் தைக்க முடிகிறது, பஸ் ஏற முடிகிறது. நோட்டில் இன்றுவரை எழுதுகிறேன்.

மலை அம்மா இப்போது எங்கள் சந்தைக்கு வருவதில்லை. அந்த இடத்தில் இப்போது ஒருவர் பிளாஸ்டிக் குடம் விற்கிறார். கேட்டதற்கு, "இங்க யாரும் அதுகிட்ட வாங்கறதில்லன்னு வேற சந்தைக்கு போயிடுச்சு" என்றார். ஏன் வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். குடக்காரரிடம் சொல்லவில்லை.

ஜாக்கெட் வாங்க வருகிறவர்களிடம் மெல்ல மெல்ல உண்மையைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு, கை அளவு சரியா என்று பார்க்கப் போய்விடுகிறார்கள். மூன்று வருடம் என் வியாதிக்காக வெட்கப்பட்டேன், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. தாழ் போட்ட அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றதை நினைத்தால்தான் இன்றும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிடுகிறேன்.