நாலாவது ஆள்

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையை விட்டு வெளியே வந்து மிஷன் வீதியில் நடந்துகொண்டிருந்தேன். மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு சுவரில் எங்கள் கலாக்கா நின்றுகொண்டிருந்தாள். அரியாங்குப்பத்தில் முட்டிவலியோடு பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுகிற இப்போதைய கலாக்கா இல்லை. தாவணி போட்ட கலாக்கா. பக்கத்தில் விஜியக்கா, அவளுக்குப் பக்கத்தில் சுமதி. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, யாரோ திட்டிவிட்ட மாதிரி மூஞ்சி. ஆள் உயரப் போஸ்டர். இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் பெரிதாக என்னவோ எழுதி, ஓரத்தில் போனால் போகிறதென்று தமிழிலும் போட்டிருந்தார்கள்: "மூன்று சகோதரிகளும் ஒரு சுவரும். புகைப்படக் கண்காட்சி. அனுமதி இலவசம்."

அக்காக்களைப் பார்த்ததும் சந்தோஷம் வந்ததா என்று கேட்டால், பொய் சொல்லமாட்டேன், வரவில்லை. "அடப்பாவி, நான் எங்கடா?" என்பதுதான் முதலில் வந்தது.

உள்ளே போனால் ஏசி குளிர், புதிதாக வெள்ளையடித்த வாசனை. உங்களுக்கு எப்படியோ, எனக்குச் சுண்ணாம்பு வாசனை வந்தால் கூடவே பவுடர் வாசனையும் வந்துவிடும். பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்து, அந்த ஈரம் காய்வதற்குள் அவர் வருவார். முசே என்று கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. முசே என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், என்னைவிடக் கறுப்பு. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கின சொல்தா. பிள்ளை பாரிஸில் பெரிய போட்டோகிராபர். அங்கே குளிர் தாங்காமல்தான் இங்கே ஓடிவருகிறார் என்று பெரியப்பா சொல்வார்.

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் பஞ்சாலையின் மதில். ஆலையை மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. மதில் மட்டும் நின்றது, நடுவில் ஒரு அரசங்கன்றை முளைக்கவிட்டுக்கொண்டு. எங்கள் வீடு என்கிறேனே தவிர, அது பெரியம்மா வீடு. என் அம்மா பெரியம்மாவின் தங்கை. நான் தவழ்கிற வயதில் அவள் போய்ச் சேர்ந்தாள். அப்பா வேறு கல்யாணம் கட்டிக்கொண்டு போனார். பெரியம்மாதான் தூக்கிவந்து வளர்த்தாள். சோற்றில் ஒரு நாளும் வஞ்சனை வைத்ததில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். மற்றதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வருஷம் முசே வந்து மதிலைப் பார்த்தார். பெரியம்மாவின் மூன்று பெண்களையும் பார்த்தார். "வருஷா வருஷம் இதே எடத்துல இவங்க மூணு பேரையும் எடுப்பேம்மா. செவுரும் பொண்ணுங்களும் சேந்து வயசாவறது தெரியணும்" என்றார். அவர் பேசியதில் கால்வாசிதான் பெரியம்மாவுக்குப் புரிந்திருக்கும். ஆனால் மூணு என்ற சொல் காதில் விழுந்ததும் பதறிவிட்டாள்.

மூன்று பேராக நின்று போட்டோ எடுத்தால் அதில் ஒருத்தரைக் கொண்டுபோய்விடும் என்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் தெருவில் இது சட்டம். கல்யாண மேடையில் மூன்று பேர் நின்றால் சாம்பார் வாளியோடு போகிறவரையாவது இழுத்து நிறுத்திவிடுவார்கள்.

"மூணா மட்டும் வேணாங்க. நாலாவதா இவ நிக்கட்டும்" என்று சொல்லி, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என்னைத் தோளைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினாள் பெரியம்மா.

ஒப்புக்குச் சப்பாணி என்று விளையாட்டில் ஒருத்தரைச் சேர்த்துக்கொள்வோமே, அந்த உத்தியோகம். எனக்கோ தலைகால் புரியவில்லை. நானும் ஒருத்தி என்று சேர்த்துவிட்டார்களே! ஓடிப்போய் மூஞ்சி கழுவி, இருந்த பவுடரையெல்லாம் கழுத்துவரை அப்பிக்கொண்டு வந்து நின்றேன். "இன்னாடி இது, கோலமாவுல வுழுந்து பெரண்டவ மாரி" என்று விஜியக்காதான் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எல்லா வருஷமும் அவள்தான் துடைத்துவிடுவாள்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்பார் முசே. தள்ளி நிற்பேன். "இன்னும் கொஞ்சம்." நிற்பேன். அப்புறம் "வுவாலா!" என்பார், முடிந்தது என்று அர்த்தம். வருஷா வருஷம் இதே கதை. நான் உயரம், அதனால்தான் ஓரத்தில் போடுகிறார் என்று என் புத்திக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சிரிக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். சுமதி கொட்டாவி விடுவாள், கலாக்கா காலை மாற்றுவாள். நான் மட்டும் ஆடாமல் அசையாமல் நிற்பேன், பெரிய இவளாட்டம்.

கல்யாணமான மறு பொங்கலுக்குக் கலாக்கா கண்ணுக்குக் கீழே கன்றிப்போய் வந்தாள். மாமாவின் கைவண்ணம். என்னிடமிருந்து பவுடரை வாங்கி அதன்மேல் தடவப் போனாள். "வேணாம், வேணாம், மறைக்காதீங்க. அப்படியே இருங்க, அழகா இருக்கு" என்று முசே கேமராவோடு ஒரு எட்டு முன்னால் வந்தார். கலாக்கா அப்படியே நின்றாள். பெரிய மனுஷர் சொல்லும்போது எப்படித் தட்டுவது?

போட்டோவைக் கேட்டால் கொடுக்கமாட்டார். "முடியட்டும்மா, மொத்தமா காட்றேன்" என்று ஒரு டப்பா சாக்லேட்டை நீட்டுவார். "நாங்க சாவறதுக்குள்ள முடிச்சிடுங்க முசே" என்பாள் விஜியக்கா. எல்லோரும் சிரிப்போம்.

அவள்தான் போனாள். மஞ்சள்காமாலை. பரிசம் போட்டு வைத்திருந்தார்கள். பட்டுப்புடவை பிரிக்காமல் பெட்டியில் இருந்தது. எடுக்கிற அன்று தெருவே கூடியிருந்தபோது நான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன். பெரியம்மாவின் கண் என்மேல் விழுந்தது. "நாலாவதா இவள நிக்க வெச்சேனே! எடுத்துக்கறதுன்னா இவள எடுத்துனு போயிருக்கக் கூடாதா? இவளுக்குன்னு கேக்கறதுக்கு யாரு இருக்கா?" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் என் காதோரம் வந்து, "துக்கத்துல பேசுது, மனசுல வெச்சிக்காத" என்றாள். வேறு எங்கே வைப்பதாம்?

அடுத்த பொங்கலுக்கும் முசே வந்தார். பெரியம்மா விளக்குமாற்றை எடுப்பாள் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. வேறு போட்டோவே எடுக்காத குடும்பம். விஜியக்காவின் முகம் இருந்ததெல்லாம் அவரிடம்தான். "விஜி நின்ன எடத்த அப்படியே வுட்டு நில்லுங்க" என்றார் அவர், நாற்காலியைத் தள்ளிப் போடச் சொல்வதுபோல. கலாக்கா அந்தப் பக்கம், சுமதி இந்தப் பக்கம். நானும் பழக்கதோஷத்தில் பவுடரைப் போட்டுக்கொண்டு, துடைத்துவிட ஆளில்லாமல், கிளம்பினேன்.

"நீ போவாத" என்றாள் பெரியம்மா. "நீ போய் நின்னா மூணாயிடும்."

கணக்கு சரிதான். நாலுக்கு வேண்டியிருந்தவள் மூன்றுக்கு ஆகாதவள். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஆலைக்குள் போனேன், முள்ளெல்லாம் பாவாடையைக் கிழிக்க. அந்த வருஷத்து மழையில் அரசங்கன்று நின்ற இடத்தில் மதில் விட்டுப்போய், ஒரு தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியாக எட்டிப் பார்த்தேன். கலாக்காவும் சுமதியும் முதுகைக் காட்டி நின்றார்கள். எதிரே முசே கேமராவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். "வுவாலா!" என்று கேட்டது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

கண்காட்சியில் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனேன். தாவணி புடவையாகிறது, மதிலில் காரை உதிர்கிறது, கலாக்காவின் கண்ணுக்குக் கீழே கறுப்பு. அதற்கு எதிரில் ஒரு வெள்ளைக்கார அம்மா நெஞ்சில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். நான் எதிலும் இல்லை. ஒரு படத்தில் ஓரத்தில் முழங்கை. இன்னொன்றில் தரையில் என் நிழல். முதல் வருஷத்திலிருந்தே அவர் மூன்று பேரைத்தான் எடுத்திருக்கிறார். பெரியம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் அன்றைக்கே அவரை ஓட ஓட விரட்டியிருப்பாள்.

கடைசிப் படத்துக்கு மட்டும் ஒரு சுவர் முழுக்கக் கொடுத்திருந்தார்கள். இரண்டு பெண்கள், நடுவில் காலி இடம். அந்தக் காலி இடத்துக்கு நேர் பின்னால் மதில் ஓட்டையில் ஒரு முகம். பவுடர் திட்டுத்திட்டாக, பேயறைந்த மாதிரி. நான்தான்.

அங்கே வேலை பார்க்கிற சின்னப் பெண் பக்கத்தில் வந்தாள். "எல்லாரும் இதுகிட்டதான் ரொம்ப நேரம் நிப்பாங்க, ஆன்ட்டி. செத்துப்போன சிஸ்டர் வந்து நிக்கற மாதிரி சார் பிளான் பண்ணி எடுத்தாராம்."

"இந்தப் பொண்ணு யாரும்மா?"

"யாரோ மாடல், ஆன்ட்டி."

ஃப்ளாஷ் போடாமல் போனில் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எடுத்துக்கொண்டேன்.

பெரியம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். பெற்ற பெண்களுக்கு வீட்டில் இடமில்லையாம். கேட்க ஆள் இல்லாதவள் வீட்டில்தான் இடம் இருக்கும் போல. கண்ணில் புரை, எழுந்து நடக்க முடியாது. பஸ்ஸில் வீடு திரும்பும்போதே அவளிடம் சொல்லவேண்டியதையெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆரம்பத்திலிருந்தே மூணு பேர்தான், பெரிம்மா. நீ என்னை நிற்கவைத்ததும் வீண், விஜியக்காவை எடுத்த அன்றைக்கு நீ கேட்டதும் வீண். இப்படி நன்றாக, உறைக்கிற மாதிரி.

கஞ்சி கொடுத்துவிட்டுப் போனை நீட்டினேன். "முசே எடுத்த போட்டோ, பெரிம்மா." மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே கொண்டுபோனாள். தடவத் தடவப் படம் பெரிதாகி, ஓட்டையும் முகமும் மட்டும் நின்றது.

"விஜி" என்றாள். "எம்மா விஜி. வந்து நிக்கறா பாருடி."

"ஆமா" என்றேன். "விஜியக்காதான்."

வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக, "நீ எங்கடி? நீயும் நின்னியே நாலாவதா?" என்றாள்.

"நான் இதுல வுழல, பெரிம்மா."

"போனா போவுது" என்றாள்.

ஆலை போய் அங்கே அடுக்குமாடி வந்துவிட்டது. மதில் நின்ற இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். அரசங்கன்றை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். பவுடரைத் துடைத்துவிட்ட முந்தானையும் இல்லை. அவர்களோடு நான் நின்றதற்கு இந்த ஊரில் மிச்சம் ஒரு முழங்கையும் ஒரு நிழலும்தான். அதுவும் கண்காட்சி முடிந்தால் பாரிஸுக்குப் போய்விடும். இதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிட்டது.

"இருட்டாயிடுச்சிடி. விஜியக் காட்டு" என்றாள் பெரியம்மா.

தட்டிக் காட்டினேன்.