யாரும் கத்தவில்லை

அந்த அலுவலகத்தில் பெருசு என்று இரண்டு பேருக்குப் பெயர். ஒன்று, கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு பழைய புரோகிராம். மற்றது, அதை எழுதியவர். நேரில் பார்த்தால் எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால்தான் இந்தப் பட்டம். அவருக்கும் அது தெரியும். ஐம்பதைத் தாண்டிய மனுஷனை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று விட்டுவிட்டார். கோபம் வரவில்லை. கொஞ்ச காலமாக அவருக்கு எதுவுமே வருவதில்லை, ஜலதோஷத்தைத் தவிர.

பார்சல் அனுப்பும் கம்பெனி அது. எந்தக் கிடங்கில் எவ்வளவு சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று தினமும் சாயங்காலம் கூட்டிப் பார்த்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிவைப்பதுதான் பெருசு என்ற அந்தப் புரோகிராமின் வேலை. தலையில் முடி இருந்த காலத்தில் அவர் அதை எழுதினார். அப்போதெல்லாம் அது ஒரு நாள் நின்றுபோனால் போதும், கிளை மேலாளர்கள் போனிலேயே அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். மகள் பிறந்த அன்றுகூட ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அதற்குத்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார். அதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது புதிய புரோகிராம் வந்துவிட்டது. டீம் லீடர் அவருடைய மேஜைக்கு வந்து நின்றாள். அவர் வேலையில் சேர்ந்த வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பாள்.

"சார், பெரு... அந்தப் பழைய ரிப்போர்ட்ட நிறுத்திடலாமா?"

"நிறுத்திடலாம்" என்றார்.

"நீங்களே பண்ணிடறீங்களா? வேற யாருக்கும் அதத் தொடப் பயம்."

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புரோகிராம் யாருக்காவது தேவைப்படுகிறதா என்று கேட்டு மெயில் அனுப்பக் கூடாது. அனுப்பினால் அது என்னவென்றே தெரியாதவன்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று பதில் போடுவான். அதனால் யாரிடமும் மூச்சுவிடாமல் நிறுத்திவிட வேண்டும். யாராவது ஐயோ என்று கத்தினால் மறுபடி ஓட விடலாம். இரண்டு வாரம் ஒருவரும் கத்தவில்லை என்றால் அடியோடு அழித்துவிடலாம். இதற்குக் கத்தல் சோதனை என்று பெயர். அவரும் எத்தனையோ பேர் எழுதியதை இப்படி நிறுத்தி, கை கூசாமல் அழித்தவர்தான்.

பெருசை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அடிக்கடி மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு நாள் தூரத்துக் கிளை ஒன்றிலிருந்து "மிக அவசரம்" என்று ஒரு மெயில் வந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திறந்தால், யாரோ வெள்ளைக் காரை வாசலை அடைத்துக்கொண்டு நிறுத்தியிருக்கிறார்களாம். கம்பெனி முழுக்கத் தவறுதலாக அனுப்பித் தொலைத்திருக்கிறார்கள்.

இரண்டு வாரம் முடிந்தது. அழிக்கும் கட்டளையை அடித்தார். நிஜமாகவே அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அது ஒன்றுதான் கேட்டது. அழித்தார். டீம் லீடர் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார் என்று சொல்ல மாட்டேன். ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தது. போய்ச் சாப்பிட்டார்.

அழித்த பிறகு அவருக்கு மிஞ்சிய வேலை என்ன என்று கேட்டால், மெஷின் எழுதுவதைச் சரிபார்ப்பது. இப்போதெல்லாம் என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதித் தருகிறது. அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, வாத்தியார் பரீட்சைப் பேப்பர் திருத்துவது மாதிரி அதைப் படிக்கிறார். பையன் நன்றாகத்தான் எழுதுகிறான். தப்பு செய்தாலாவது பேனாவைத் திறக்க ஒரு காரணம் இருக்கும்.

பொழுதுபோக்குக்கும் குறைவில்லை. வீட்டுப் பரண் முழுக்க அவருடைய பொழுதுபோக்குகள்தான். விலையைப் பார்க்காமல் வாங்கிய கேமரா, அதற்கு மூன்று லென்ஸ், பாட்டு வாசிக்க ஒரு கீபோர்டு, நட்சத்திரம் பார்க்க ஒரு தொலைநோக்கி. சைக்கிள் மட்டும் பரணில் ஏறவில்லை. பால்கனியில் நின்று ஈரத் துண்டுகளைச் சுமக்கிறது. ஒவ்வொன்றையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் ராத்திரி பகலாக விமர்சனங்களைக் கரைத்துக் குடிப்பார். வாங்கிய பின் அந்த ஆசை எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது. மனைவி கிண்டல் செய்ததுண்டு. கிண்டல் நின்று நாளாகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

மனைவி கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். கூடத்தில் பாதி அவளுடைய தையல் மெஷினும் துணிக் குவியலும். அவர் சாயங்காலம் வந்து சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து, அலுவலகத்தில் நடந்ததைச் சொல்வார். அவள் "ம்" என்பாள். முட்டி வலிக்கிறது என்பார். "ம்." மெஷினே எல்லாம் எழுதிவிடுகிறது, இனிமேல் நான் எதற்கு என்பார். அதற்கும் அதே "ம்" தான். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எந்தப் புருஷன் சொல்வது காதில் ஏறும்?

பெருசை அழித்த வாரம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு சாயங்காலம் பேச வாய் வரவில்லை, பேசாமல் இருந்தார். மறுநாளும் அப்படியே இருந்துவிட்டு, எத்தனை நாள் பொறுத்து இவள் கேட்கிறாள் பார்ப்போம் என்று முடிவு செய்தார். தன்னை நிறுத்தினால் இந்த வீட்டில் யாராவது கத்துவார்களா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஒரு வாரம் ஓடியது. கூப்பிட்டால் சாப்பிட வந்தார், சாப்பிட்டார், தட்டைக் கழுவினார். அவள் தைத்தாள், டிவி பார்த்தாள், தூங்கினாள். உடம்பு சரியில்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு வலித்ததா என்றால், பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பெரிதாக ஒரு கொட்டாவி வந்தது. வாயைத் திறந்து மூடினார்.

அவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "ம், சரி" என்றாள்.

டம்ளரைக் கீழே வைத்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக அவருடைய மூளை வேலை செய்தது. அவள் எழுந்து போய், தையல் மெஷினை ஓட்டாமல், ஒரு திரையின் ஓரத்தில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்குப் பின்னால், இடது பக்கமாகப் போய் நின்று, சாதாரணக் குரலில் சொன்னார்.

"நான் வேலைய விட்டுட்டேன்."

அவள் நூல் பிரித்தாள்.

"வீட்டையும் வித்துட்டேன்."

அவள் நூலைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். திரும்பும்போது அவரைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "எப்ப வந்து நின்னீங்க?"

அவர் பால்கனிக்குப் போய், வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மாவுக்குக் காது சரியா கேக்கலையா?"

"இப்பதான் தெரியுதாப்பா உங்களுக்கு?" என்றாள் மகள். "ஒரு வருஷமா இப்படித்தான். இடது காது சுத்தமா போச்சு, வலதும் பாதிதான். போன தடவை ரெண்டு நாள் வந்து தங்கினேனே, அப்பவே கண்டுபிடிச்சிட்டேன். டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போனேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்மாதான் வேண்டாம்னாங்க. அவரு பாட்டுக்குப் பேசிட்டிருக்காரு, நான் ம் கொட்டிட்டிருக்கேன், நல்லாத்தானே ஓடுதுன்னாங்க." பிறகு, "புதன்கிழமை காது மெஷின் வருது. நீங்களே கூட்டிட்டுப் போறீங்களாப்பா?" என்றாள்.

ஈரத் துண்டுகளுக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு வந்த முதல் உணர்ச்சி அதுதான் என்பதால், அது என்னவென்று புரியவே சற்று நேரம் பிடித்தது. யாராவது கத்துவார்களா என்று உட்கார்ந்து பார்த்த மனுஷனுக்கு, பக்கத்தில் ஒருத்தி வருஷம் முழுக்க உதட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தது தெரியவில்லை. கம்பெனியில் எந்த மூலையில் எந்தக் கோளாறு வந்தாலும் மோப்பம் பிடிப்பவர் என்று பெயர் வாங்கியவர்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். மெஷின் பொருத்திய பெண் பொறுமைசாலி. சின்ன பேட்டரி, சீக்கிரம் தீர்ந்துவிடும், தேவையில்லாதபோது கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வந்ததும் மனைவி கூடத்தின் நடுவில் நின்று நாலாபக்கமும் பார்த்தாள்.

"ஃப்ரிட்ஜ் இப்படியா உறுமும்?"

"எப்பவும் இப்படித்தான்."

"மேல் வீட்டுல நாற்காலி இழுக்கறாங்க." அவள் முகம் மலர்ந்திருந்தது. சாப்பாட்டு மேஜைக்கு வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். "இப்ப நீங்க பேசுங்க."

"என்ன பேசறது?"

"ஒரு வருஷமா எவ்வளவோ சொன்னீங்களே. நான்தான் தலையத் தலைய ஆட்டினேன், எதுவும் காதுல விழல. இப்ப சொல்லுங்க, என்னல்லாம் சொன்னீங்க?"

அவர் நினைத்துப் பார்த்தார். டிராஃபிக், முட்டி வலி, டீம் லீடர், இன்டர்நெட் நின்று நின்று வருவது, மறுபடியும் முட்டி வலி. ஒரு வருஷத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறியும், இவள் முகத்துக்கு நேரே திருப்பிச் சொல்லும்படி ஒன்றுகூட விழவில்லை.

"பெருசா ஒண்ணும் இல்ல" என்றார்.

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல. எல்லாம் சில்லறை விஷயம்."

அவள் காது மெஷின் பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு, "சரி, பேட்டரி எதுக்கு வீணா" என்று, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காதுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

அவர் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த வேகத்தில் டம்ளர் கவிழ்ந்து தண்ணீர் மேஜையெல்லாம் ஓடியது.

"கழட்டாத" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "கொஞ்சம் இரு. யோசிச்சு சொல்றேன்."

அவள் கையைக் கீழே இறக்கினாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது; இரண்டு பேரும் துடைக்க எழவில்லை. அவர் யோசித்தார். அவள் காத்திருந்தாள்.