கோவேறு கழுதைப் பட்டாளத்தில் நாங்கள் இருவர்

நேற்று போடிச் சந்தையில் ஒரு கடைக்காரர் பேரீச்சம்பழக் கூடையைப் பிரித்தார். ஓலையும் பழமும் சேர்ந்து புழுங்கிய வாடை மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன். உப்பு வாங்கப் போனவன் வாங்காமலே திரும்பினேன். சண்டைக்குப் போய், பஸ்ரா துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் முதலில் அடித்த வாடை அது.

பட்டாளத்துக்குப் போகும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. சிலமலையில் எங்களுக்கு மானாவாரி நிலம். மழை பொய்த்ததும் குரங்கணி மலைப்பாதையில் மட்டக்குதிரை ஓட்டப் போனேன். அரிசி ஏற்றிப்போய் ஏலக்காய் இறக்கிவரும் சோலி. கூட என் பெண்சாதியின் தம்பி சின்னச்சாமி. சீமையில் சண்டை தொடங்கியபின், பொதிமிருகம் பழக்கத் தெரிந்த ஆட்களைத் தேடிச் சர்க்கார் ஆட்கள் வந்தார்கள்.

"வயிறாரச் சோறு போடுவாகளாம் மச்சான். போவம்," என்றான் அவன். போனோம். கோவேறு கழுதைகளோடு எங்களையும் கப்பலேற்றினார்கள்.

கப்பலில் கோவேறு கழுதைகள் மிரளும், நீங்கள்தான் தேற்றவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கழுதைகள் பாட்டுக்குக் கொள்ளு தின்றன. அவற்றின் காலடியில் சுருண்டு வாந்தியெடுத்தவன் நான்தான். சின்னச்சாமி அதைப் பட்டாளம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

பஸ்ராப் பக்கம் மலை கிடையாது, மரம் கிடையாது. தண்ணீரும் தோட்டாவும் சுமந்து பீரங்கிகளுக்குப் பின்னால் நடந்தோம். கொஞ்ச காலத்தில் என்னை நாயக் ஆக்கி, சில ஆட்களை என் கீழே விட்டார்கள். சட்டைக் கையில் பட்டை தைத்த அன்று, என்னவோ ஜமீனே கிடைத்த மாதிரி விறைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நடையில் சின்னச்சாமிக்குக் காய்ச்சல் கண்டது. நடு மணலில் உட்கார்ந்துவிட்டான். பின்னால் வண்டி வரும், விட்டுவிட்டு நட என்றார் ஹவில்தார். அந்த வண்டிகள் வந்து நான் பார்த்ததில்லை. கழுதை மேலிருந்த தோட்டாப் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு அவனைத் தூக்கிப் போட்டுக் கட்டினேன். கூடாரம் சேர்ந்ததும் என் பட்டையைப் பிய்த்தார்கள். பெட்டிகளைப் போட்டுவிட்டு வந்தது குற்றம்தான்; அதை நான் மறுக்கவில்லை.

காய்ச்சல் தெளிந்து கண் விழித்தவன் என் சட்டையைப் பார்த்தான். "ஏன் மச்சான் இப்பிடிச் செஞ்சீக?"

"ஒன்ன விட்டுட்டுப் போயி ஒங்கக்கா மொகத்துல எப்பிடி முழிக்க? சும்மா படு மாப்ளே."

சண்டை ஓய்ந்து இருவரும் உயிரோடு ஊர் வந்தோம். எனக்கு உடம்பில் தெம்பில்லை, நிலத்தோடு இருந்துகொண்டேன். அவன் ஏலத்தோட்டத்துக்கு ஏறினான். அடுத்த மழைக்காலத்தில் அவனை மலைக்காய்ச்சல் பிடித்தது. சேதி வந்து நான் ஏறிப்போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவன் அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நாட்களின் அடையாளம் எதுவும் இப்போது மிச்சமில்லை. கழுதைகளை ஏலத்தில் விட்டார்கள் என்று கேள்வி. சட்டை நைந்து கந்தலாகிவிட்டது. நானும் அவனும் பட்டாளத்தில் பழகிய அரைகுறை இந்துஸ்தானியில் ஒருவரையொருவர் வைதுகொள்வோம். தப்பும் தவறுமான பேச்சு, வேறு யாருக்கும் புரியாது. இப்போது வாய்வரைக்கும் அது வருகிறது. பதிலுக்கு வைய ஆளில்லாமல் விழுங்கிக்கொள்கிறேன்.