முதல் தளத்துத் தோஸ்து

மதியச் சாப்பாடு முடிந்து மனைவி எல்சி தன் வாயைத் துடைத்துவிட்டுப் போனதும், அம்புரோஸ் வலது கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைப்பார். யாரோ கொடுத்துவிட்டுப் போன பொட்டலத்தை ஓரமாக எடுத்து வைப்பதுபோல இருக்கும். பிறகு மூடிக் கிடக்கும் விரல்களைச் சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார். பிரித்த விரல் மறுபடி மடங்கப் பார்க்கும். "இரு நைனா, இன்னா அவசரம்?" என்று அதை அதட்டுவார். கடைசியில் ஆள்காட்டி விரலை மட்டும் கீபோர்டின் வலது மூலையில், அம்புக்குறி போட்ட பொத்தான்மேல் நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துச் சொல்வார்: "வந்துட்டேன்டா தோஸ்து."

திரையில் பச்சையாக ஒன்று நிற்கும். காசிமேட்டில் வலையை உதறினால் விழுமே, சொறிமீன், அதைப்போலக் கொழகொழவென்று ஒரு திரட்சி. மேலே இரண்டு கண்கள். கையும் இல்லை, காலும் இல்லை.

அவர் மகள் ஜூடி பாரிமுனையில் ஒரு கம்பெனியில் டைப் அடிக்கிறவள். அங்கே கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முன்பு யாரோ போட்டுவைத்த விளையாட்டு ஒன்று அதற்குள் இருந்தது. மலைக்கு அடியில் தளம் தளமாக இருட்டுக் குகை. வாள் வைத்த வீரன் ஒருவனை நடத்திக்கொண்டு கீழே, இன்னும் கீழே இறங்க வேண்டும். ஆழத்தில் எலும்புக்கூட்டுப் படை உண்டு. நெருப்பைக் கக்கும் பெரும்பாம்பு உண்டு. முதல் தளத்தில் இருப்பது இந்தப் பச்சை மட்டும். அது நிற்கும் கட்டத்துக்குள் வீரன் காலை வைத்தாலே வெட்டு விழும். ஒரே வெட்டில் அது செத்துவிடும்.

"அது சும்மா டாடி. ஆடறவங்க கத்துக்கறதுக்கு வெச்சிகிறான். ஒரே அடில பூடும். அத்த முடிச்சிட்டுக் கீழ போய்கினே இருக்கணும்" என்றாள் ஜூடி.

"கத்துக்கறதுக்கு ஒருத்தன சாவடிப்பியா?" என்றார் அம்புரோஸ்.

அந்த விளையாட்டில் அவருக்குப் பிடித்துப்போனது ஒரே ஒரு விதி. வீரன் ஓரடி வைத்தால்தான் பச்சையும் ஓரடி வைக்கும். அவன் நின்றால் அதுவும் நிற்கும். விரலைப் பிரிக்க எவ்வளவு நேரமானாலும் முகம் சுளிக்காமல் நிற்கும். வீட்டில் மற்ற எல்லோரும் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்சி அவர் பித்தானைப் போட்டு முடித்த பிறகுதான் அவர் இடது கை சட்டைக்கு வந்து சேரும்.

அம்புரோஸ் துறைமுகத்தில் கை காட்டுகிற வேலை பார்த்தவர். கப்பலின் மேல்தளத்தில், சரக்கறையின் திறந்த வாயோரம் நிற்க வேண்டும். கிரேன்காரனுக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே இருப்பவர்களுக்குக் கிரேன்காரன் தெரியமாட்டான். இருவருக்கும் நடுவே இவருடைய வலது கைதான் பேச்சு. ஆள்காட்டி விரல் கீழ்நோக்கி அழுந்தினால் சரக்கு இறங்கும். விரல் எழும்பினால் அந்த இடத்திலேயே நிற்கும். தலைக்கு மேல் இரும்புக்கட்டு தொங்க, அந்த ஒரு விரலை நம்பி ஆட்கள் கீழே நின்றார்கள்.

ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கைநழுவி விழுந்தது. குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம். பேச்சு திரும்பி வந்தது, வாய் லேசாகக் கோணியபடி. கால் ஒரு கோலின் துணையோடு வந்தது. கை மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லி அனுப்பினார்கள். அமுக்கினார். கை இன்னும் இறுக மூடிக்கொண்டது.

கோயில் மருந்தகத்தில் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற தேவப்பிரியம், மாலையில் வந்து மூட்டுகளை அசைத்துவிடுவாள். ஒளிவு மறைவு இல்லாதவள். "மூடறது தானா மூடிக்கும்ணே. தெறக்கறதுதான் கஷ்டம். அழுத்தின விரலு மேல எழும்பணும். எழும்பலன்னா இது கை இல்ல, முட்டிதான். சொல்லிட்டேன்."

பச்சையிடம் அவர் பட்ட பாடும் அதுதான். பொத்தானை அழுத்துவது அவருக்கு எளிது. விரலை எடுப்பதுதான் வராது. எடுக்காவிட்டால் வீரன் நிற்காமல் ஓடுவான். ஓடி நேரே பச்சைமேல் மோதுவான். ஒரு வெட்டு. தரையில் ஒரு கறை. ஆரம்பத்தில் ஆட்டத்துக்கு ஒரு கொலை நடந்தது.

"இன்னிக்கும் சாவடிச்சிட்டேன்" என்று கோலை ஊன்றிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். காப்பி வேண்டாம் என்பார்.

எல்சிக்குப் பொறுக்காது. "யோவ், வஞ்சிரத்த முள்ளோட முழுங்குற ஆளு நீ. பொட்டிக்குள்ள கீற பச்சைக்கு எழவு காக்கறியா? ஜூடி, உங்க டாடிக்கு ஒரு கருப்புத் துணி குத்தி வுடு."

"மறுபடியும் போட்டா வந்துரும் டாடி" என்பாள் ஜூடி. ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கினால் முதல் தளத்தின் இருட்டு மூலையில் பச்சை மறுபடி நிற்கும்.

"இது வேறயா, அதேவா?"

"வேற."

"மூஞ்சி அதேதான் கீது" என்று உற்றுப் பார்ப்பார். அதற்கு அவர்மேல் எந்தக் கோபமும் இருப்பதாகத் தெரியாது.

கீழ்த்தளங்களை ஜூடி ஒரு முறை காட்டினாள். பொத்தானைப் படபடவென்று தட்டி எலும்புக்கூடுகளை நொறுக்கினாள். அம்புரோஸ் கொட்டாவி விட்டார். "இவனுங்ககிட்ட வெரலு தப்பினா ஒண்ணியும் ஆவாது. பத்து அடி வாங்கியும் நின்னுகினுகீறான். மேல கூட்டினு போ. அவன்கிட்டதான் பாத்து நடக்கணும்."

சாத்தி வைத்த ஜன்னல் இடுக்கில் துறைமுகத்துச் சங்கு மெல்லக் கேட்கும் மதிய நேரங்களில், அவர் அந்தக் குகைக்குள் நடந்துகொண்டிருப்பார். வீரன் போகுமளவுக்குத்தான் அங்கே வெளிச்சம் விழும். சரக்கறைக்குள் மேல்வாய் வழியாக விழுந்த வெயில்கட்டம் கப்பல் அசைய அசைய மூட்டைகள்மேல் நகர்ந்ததுபோல. விரல் அழுந்தும். வீரன் ஓரடி. பச்சை ஓரடி. விரல் எழும்ப நேரமாகும். அந்த நேரத்தில் அவருக்குக் கண் செருகும். தூக்கத்தில் அவர் கப்பல் வாயோரம் நிற்பார். உள்ளே தண்ணீரா இருட்டா என்று தெரியாத ஆழத்தில் பச்சை நின்று அண்ணாந்து பார்க்கும். அவர் கை காட்டுவதற்காகக் காத்திருக்கும். விழித்துப் பார்த்தால் திரையிலும் அப்படியே, அதே கட்டத்தில், காத்திருக்கும். தோளில் எச்சில் வழிந்திருக்கும். அதைத் துடைக்க எல்சி வருவாள்.

ஒரு மாலை தேவப்பிரியம் சீக்கிரமே வந்துவிட்டாள். இடுப்பில் கை வைத்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். விரல் அழுந்தியது. மெல்ல, வலியோடு, அரிசி மணி அளவுக்கு எழும்பியது. வீரன் பச்சைக்கு ஒரு கட்டம் முன்பாக நின்றான். மறுபடி அழுந்தியது, மறுபடி எழும்பியது. தேவப்பிரியம் அலமாரியிலிருந்த ரப்பர் பந்தை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டு நாய்க்குப் போட்டாள்.

ஜூடிக்கு மணலி புதுநகரில் வேலை பார்க்கும் பென்னியோடு கல்யாணம் நடந்தது. அவள் புதுவீட்டுக்குக் கிளம்பிய நாளில் கம்ப்யூட்டரும் கிளம்பியது. அதற்கு முதல் நாள் அம்புரோஸ் வெகுநேரம் ஆடினார். பச்சையை ஓரடி ஓரடியாகத் தன் பின்னால் வரவைத்து, கதவுள்ள ஒரு சிறிய அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

"அப்டியே மூடி வையி. யாரும் நவுத்த வேணாம். மாப்ளகிட்ட சொல்லு, மொத லெவல்ல ஆளு நிக்கறான், பாத்துப் போவணும்னு."

"சொல்றேன் டாடி" என்றாள் ஜூடி. அவள் சிரிக்கவில்லை.

காலையில் டெம்போக்காரன் பாஸ்கர் வண்டியைக் கொண்டுவந்தான். போர்வையில் சுற்றிய கம்ப்யூட்டர் படி வழியே இறங்கிவிட்டது. பீரோ இறங்கவில்லை. அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுத் திருப்பத்தில் எந்தப் பீரோவும் திரும்பியதில்லை. ஆளுயரக் கண்ணாடி பதித்த புது பீரோ. கயிறு கட்டி இரண்டாம் மாடிப் பால்கனிக்கு வெளியே தொங்கவிட்டார்கள். பென்னியும் அவன் தோஸ்துகளும் மொட்டை மாடியில் கயிற்றைப் பிடித்தார்கள். கீழே பாஸ்கர் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"வுடு, வுடு!" என்றான் பாஸ்கர்.

"எவ்ளோடா வுடறது?"

"புடி, புடி! ஐயோ, செவுத்துல இடிக்குது!"

"வுடணுமா, புடிக்கணுமாடா? ஒண்ணு சொல்லு!"

எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த புகையும் பனியுமாக வெளி கலங்கிக் கிடந்தது. பீரோ அதற்குள் மெல்லச் சுழன்றது. முதல் மாடி ஜன்னலுக்கு மேலே சிமெண்டுப் பலகை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர்மேலே கண்ணாடி இறங்கிக்கொண்டிருந்தது. மாடியில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. பாஸ்கருக்குப் பீரோவின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. இரண்டையும் பார்க்க முடிந்தது, பால்கனிக் கம்பியோரமாகக் குந்தவைக்கப்பட்டிருந்த அம்புரோஸுக்குத்தான்.

"டேய், வாய மூடுங்கடா எல்லாரும்!" கோணிய வாயிலிருந்து வந்த குரலில் தெருவே அடங்கியது. "பென்னி, என் கைய மட்டும் பாரு. வெரலு அழுந்தினா வுடு, எழும்பினா புடி."

பென்னி மாடிச் சுவர்மேல் குனிந்தான். அம்புரோஸ் இடது கையை வலது முழங்கைக்கு முட்டுக்கொடுத்து, வலது கையைக் கம்பிக்கு வெளியே நீட்டினார். எல்சி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆள்காட்டி விரல் மட்டும் பிரிந்து நின்றது.

விரல் காற்றை அழுத்தியது. பீரோ இறங்கத் தொடங்கியது. ஒரு சாண். இன்னும் ஒரு சாண். கண்ணாடியின் கீழ்விளிம்பு சிமெண்டுப் பலகையைத் தொட வந்தது.

விரல் எழும்பியது.