மீன் வாசத்தோடு வரலாம்

இன்று செங்கல்பட்டு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த மீன்காரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நீ எங்க குப்பத்து மாதாகோயில்ல மருந்து குடுத்த நர்ஸம்மா தானே?"

ஆமாம், எழுபதுகளில். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலுக்குள்ளேயே பெஞ்சு போட்டு உட்காருவோம். எந்தச் சாமி கும்பிடுகிறவர்களும் வரலாம் என்று தண்டோராகூடப் போட்டோம்.

"எங்கம்மாவும் வந்துச்சி. தம்பிக்கு பேதி. கரையில மீன் வித்துகினு இருந்தது, அப்டியே தூக்கினு ஓடியாந்துச்சி. வாசல் வரைக்கும் வந்துட்டு, கவிச்சியோட கோயிலுக்குள்ள எப்டிப் போறதுன்னு திரும்பிடுச்சி. வூட்ல தலைக்கு ஊத்திகினு வர்றதுக்குள்ள உங்க வண்டி பூடுச்சி."

"தம்பி?"

"அன்னிக்கு சாயங்காலமே பூட்டான்."

அவள் என் காலருகே இருந்த கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கவிச்சி அடிக்குதா நர்ஸம்மா?"

தண்டோராவில் எல்லாம் சொன்னோம். மீன் வாசத்தோடு வரலாம் என்று மட்டும் சொல்லவில்லை. இத்தனைக்கும் நாங்கள் கும்பிட்டவரின் முதல் சீடர்களே வலை வீசியவர்கள்தான்.

எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்குமா, சொல்லுங்கள்.