காற்றுக் கணக்கில் காரைக்கால்

காற்றில் மிதக்கும் தூசியையும் புகையையும் அளப்பது லேசான வேலை. அளந்ததை ஒருவர் நம்ப வேண்டுமே, அதுதான் பெரும்பாடு. கம்ப்யூட்டர் ஒன்றைச் சொல்ல, கண்ணெதிரே வேறொன்று நிற்க, நடுவில் மாட்டிக்கொண்டு நீங்களும் முழித்திருப்பீர்கள். அப்படியானால் நாமெல்லாம் ஒரே கூட்டம்.

நான் எலெக்ட்ரீஷியன். காரைக்கால் தருமபுரத்தில் என் வீட்டு மாடியில் ஒரு பல்கலைக்கழகத்தார் வைத்த கருவி இருக்கிறது. காற்றை உறிஞ்சி, வெள்ளை நாடாவில் மணிக்கொரு கரும்புள்ளி வைக்கும். புள்ளி எவ்வளவு கறுப்போ அவ்வளவு புகைக்கரி. உலகத்துப் பருவநிலையைக் கணக்குப் போடும் கம்ப்யூட்டரும் காரைக்காலுக்கு இவ்வளவு கரி என்று ஓர் அளவு சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க நானாகவே கற்றுக்கொண்டேன்.

கடலுக்குள் வீடு

என் அளவு எப்போதும் கூடுதலாகவே இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் நிர்மலா போனில் வருத்தப்பட்டார். "கருவி கெட்டிருக்கும்னு இங்க சொல்றாங்க சார். இப்படியே போனா காரைக்காலைப் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க." அன்றைக்கே கம்ப்யூட்டர் கணக்கைக் கிளற உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டர் உலகத்தைப் பெரிய பெரிய கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. எங்கள் கட்டத்தைத் தேடிப் பார்த்தேன். முக்கால்வாசி கடல்! அதனால்தான் அதற்குப் புகையே தெரியவில்லை. பக்கத்து நிலக் கட்டத்தோடு ஒப்பிட்டதும் வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. கிளிஞ்சல்மேட்டில் படகு வைத்திருக்கும் அஞ்சப்பனிடம், என் வீடு கடலில் இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப வலைக்குக் குறுக்கே நிக்காம கொஞ்சம் ஓரமா இருங்கண்ணே."

அறுப்புக்குப் பிறகு

அடுத்து, அறுப்பு முடிந்த வாரத்தில் புள்ளிகள் மையாகக் கறுத்தன. கம்ப்யூட்டருக்கு அந்த வாரம் சாதாரண வாரம். சைக்கிளை எடுத்துக்கொண்டு நெரவிப் பக்கம் போனேன். மெஷின் அறுத்துவிட்டுப் போன நெல் தாளை வயலிலேயே கொளுத்திக்கொண்டிருந்தார்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று வரப்பில் நின்ற ஒரு அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

"போலீசுக்கா எழுதுறீங்க?" என்றார்.

"இல்லம்மா, கம்ப்யூட்டருக்கு. அதுக்கு இந்தப் புகை தெரியல."

"ஏன், அதுக்கு மூக்கு இல்லீங்களா?"

வெள்ளி சாயங்காலம்

இதையெல்லாம் சேர்த்தபின் இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போயின. ஒரே ஒரு முரண்டு மிச்சம். வாராவாரம் வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்தில் கரி எகிறியது. "அன்னைக்கு அங்க சந்தையா சார்?" என்று நிர்மலா கேட்டார். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பார்க்க என்ன இருக்கிறது? என் மனைவி கமலா வெள்ளிதோறும் வீடெல்லாம் சாம்பிராணி காட்டுவாள். அவள் போன பிறகு நான் காட்டுகிறேன். கொட்டாங்கச்சிக் கனலை மூட்டுவது பின்கட்டில், கருவியின் மூக்குக்கு நேர் கீழே. இத்தனை நாள் கம்ப்யூட்டரைக் குறை சொன்னவன் நான். உண்மையைச் சொன்னால் அத்தனை வருடத்து அளவையும் தூக்கி எறிந்துவிடுவார்களோ என்று இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போன் செய்து சொல்லிவிட்டேன். இனிமேல் நிறுத்திவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"ஐயோ, அதை நிறுத்தாதீங்க சார். வெள்ளி சாயங்காலத்தை மட்டும் நான் விட்டுடறேன். மத்ததெல்லாம் நல்ல அளவு."

ஆக, உலகக் காற்றுக் கணக்கில் காரைக்காலும் இருக்கிறது, வாரத்துக்கு ஆறே முக்கால் நாளாக.