கதியாலில் தொங்கும் பேணி

காய்ந்த பனங்கிழங்கை இடித்தெடுத்த ஒடியல் மாவைக் கரைத்துக் கூழ்ப்பானைக்குள் ஊற்றும்போது உதயகலாவோடு யாரும் கதைக்கக்கூடாது. கதைத்தால் கட்டிபட்டுவிடுமாம். ஒரு கை அகப்பையைச் சுற்றிக்கொண்டே இருக்கும். மற்றக் கை, நண்டுக்காலைத் தொட்டுப் பார்க்க வந்த வெள்ளைக்காரனை விரட்டும். "அங்காலை போய் இருங்கோ தம்பி, இது விளையாட்டுச் சாமான் இல்லை." அவனும் போய்ப் பேசாமல் இருப்பான். விறகடுப்பின் முன்னால் அவள் பேசுகிற தமிழ் எந்த நாட்டுக்காரனுக்கும் விளங்கிவிடும்.

கீரிமலைக்குப் போகிற வீதியில் அவளுடைய வீடு. முன்பக்கத்து இரண்டு அறைகளையும் பயணிகளுக்கு விடுகிறாள். காங்கேசன்துறையில் கப்பலால் இறங்கி, முதுகில் வீட்டையே கட்டிச் சுமந்ததுபோல வருகிறவர்கள்தான் பெரும்பாலும் அவளைத் தேடி வருவார்கள். துருக்கியில் புறப்பட்டு ஈரான், பாகிஸ்தான், இந்தியா என்று பஸ்ஸிலும் ரயிலிலும் லொறியிலும் மாதக்கணக்காக வந்தவர்கள். போகிற ஊரெல்லாம் அந்த ஊர் அடுப்பைத் தேடிச் சாப்பிட்டவர்கள். விமானத்தில் வருகிறவர்களை அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. "உவை ஃப்ரைட் ரைஸ் கேக்கிற ஆக்கள். தரையாலை வாற ஆக்களுக்குத்தான் நாக்கு எண்டு ஒண்டு இருக்கு."

தரையால் வந்தவர்களுக்கு ராச உபசாரம் நடக்கும். பாயில் இருத்திப் பனையோலைப் பிளாவில் கூழ் வார்த்து, தானும் பக்கத்தில் சம்மணம் கட்டி இருந்து குடிப்பாள். அவர்கள் தங்கள் ஊரில் மாடு தின்கிறார்களா பன்றி தின்கிறார்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. "எங்கடை வீட்டிலை எல்லாரும் ஒண்டு. ஒரு பானை, ஒரு அகப்பை" என்பாள். அதை ஆங்கிலத்திலும் சொல்லப் பழகி வைத்திருக்கிறாள்.

சாப்பாடு முடிந்தால் வேடிக்கை. கண்ணாடி அலுமாரியிலிருந்து, குவளைக்கு மூக்கு வைத்ததுபோன்ற பித்தளை மூக்குப்பேணி வெளியே வரும். தலையை நிமிர்த்தி, பேணியை உயரப் பிடித்து, அதன் மூக்கு வழியாகத் தண்ணீரை நூல்போல வாய்க்குள் விட்டுக் காட்டுவாள். ஒரு சொட்டுச் சிந்தாது. "வாய் படப்படாது. எங்கடை ஆக்களின்ரை சுத்தம்." வந்தவர்கள் ஆளுக்காள் முயன்று சட்டையை நனைத்துக்கொள்வார்கள். வீடே சிரிக்கும்.

அந்த வீட்டில் இன்னொரு பேணியும் இருந்தது. அதை அவள் யாருக்கும் காட்டியதில்லை. பின்வேலியில் உயிர்வேலிக்கு நட்டுத் துளிர்த்த ஒரு கிளுவங் கதியால். அதன் வெட்டுக்கொப்பில் நீலக்கரை போட்ட பழைய எனாமல் பேணியொன்று கவிழ்ந்து தொங்கும். அது தவமலருடையது. வெங்காயப் பாத்தியில் புல்லுப் பிடுங்கி, வளவு கூட்டி, கூழுக்கு நண்டு உடைத்துக் கழுவிக் கொடுப்பவள். அவள் கை பட்ட நண்டு குசினிக்குள் அடுப்புவரை போகும், அவள் போகமாட்டாள். உதயகலாவைவிட வயதில் மூத்தவள், ஆனாலும் "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். இவள் அவளை "தவம், நீ" என்பாள். கூழோ தேத்தண்ணியோ, உதயகலா கேத்திலைச் சற்று உயர்த்திப் பிடித்து, அந்தப் பேணியில் படாமல் ஊற்றுவாள்.

இத்தனைக்கும் சண்டைக்காலத்தில் இரண்டு குடும்பமும் ஒரே பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்து, ஒரே கிடாரத்துக் கஞ்சியை ஒரே வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவைதான். காணி திரும்பக் கிடைத்து, வீட்டுக்குக் கூரை போட்ட கையோடு, பேணியும் கதியாலுக்கு வந்து சேர்ந்தது. அதை யார் அங்கே மாட்டச் சொன்னது என்று கேட்டால் உதயகலாவுக்கு ஞாபகமில்லை. தான் சொல்லவில்லை என்பதில்தான் அவளுக்கு இவ்வளவு காலமும் ஒரு நிம்மதி.

அந்த நிம்மதியைக் கெடுத்தவள் ஹன்னா என்ற போலந்துக்காரி. ஒருநாள் காலை உதயகலா கேத்திலோடு பின்பக்கம் போனபோது, ஹன்னா தவமலருக்குப் பக்கத்தில் தென்னங்குற்றியில் குந்தியிருந்தாள். கையில் அந்த எனாமல் பேணி. ஈரானில் லொறிக்காரர்கள் குடிக்கிற கடையில் இப்படியொரு பேணியில்தான் தேத்தண்ணி குடித்தேன், எனக்கும் இதிலேயே ஊற்று என்று நீட்டினாள்.

"நோ, நோ! உது வேண்டாம். உது கழுவேல்லை" என்று இரண்டு பாஷையிலும் பதறினாள் உதயகலா.

"கழுவித்தான் வைச்சனான் அக்கா" என்றாள் தவமலர். கோபமாகச் சொல்லவில்லை. நேற்றுப் பின்னேரம் சாம்பல் போட்டுத் தேய்த்த பேணி வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது.

இது யாருடையது என்று ஹன்னா கேட்டாள். "தோட்டத்துப் பேணி, எல்லாருக்கும் பொது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் உதயகலா. தவமலருக்கு ஆங்கிலம் தெரியாது என்று அந்த நேரத்தில் நிம்மதிப்பட்டதை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் கூசுகிறது.

வேறு வழியில்லாமல் ஊற்றினாள். ஹன்னா பைக்குள்ளிருந்து ஈரானில் வாங்கிய காய்ந்த எலுமிச்சங்காய் ஒன்றை எடுத்து உடைத்துப் போட்டாள். வழியில் தன்னை ஏற்றி வந்தவர்கள் இப்படித்தான் ஒரே பேணியைக் கைமாற்றிக் கைமாற்றிக் குடித்தார்களாம். ஒரு மிடறு குடித்துவிட்டுத் தவமலரிடம் கொடுத்தாள். தவமலரும் குடித்தாள். "இப்போது நீ" என்று ஹன்னா உதயகலாவைக் காட்டிச் சிரித்தாள். "ஒரு பானை, ஒரு அகப்பை!"

உதயகலாவின் கை கேத்திலை விட்டு அசையவில்லை. தவமலர் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு, பாதிக்கு மேல் இருந்த கொதிக்கிற தேத்தண்ணியை ஒரே மூச்சில் தானே குடித்து முடித்து, பேணியைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"முடிஞ்சுது அக்கா."

சூட்டில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. நல்ல ஆசைக்காரி என்று ஹன்னா சிரித்தாள். உதயகலாவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை. தன்னைக் காப்பாற்றத் தவமலர் வாயைச் சுட்டுக்கொண்டாள். தான் அதற்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

ஹன்னா இருவரையும் கட்டிப்பிடித்து விடைபெற்றுப் போய்விட்டாள். பயணிகள் வந்தபடிதான் இருக்கிறார்கள். கூழும் கட்டிபடாமல் வருகிறது. ஆனால் உதயகலா இப்போது மூக்குப்பேணியை வெளியே எடுப்பதில்லை. "ஒரு பானை" என்று தொடங்குவாள், பாதியில், "கறிக்கு உப்புக் காணுமோ?" என்று கதையை மாற்றிவிடுவாள். கேத்திலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போக அவளுக்குக் கால் கூசுகிறது.

போன கிழமை ஒரு காலை, தவமலருக்கு ஊற்றிவிட்டு உள்ளே போகாமல், அந்தத் தென்னங்குற்றியில் போய் இருந்தாள்.

"தவம், உதிலை எனக்கும் ஒரு மிடறு தா."

"ஏன் அக்கா, உள்ளை நல்ல கப் இருக்கெல்லோ?"

"தாவன்."

தவமலர் யோசித்தாள். தன் வாய் பட்ட இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்த பக்கத்தை அப்பால் திருப்பி, பேணியை நீட்டினாள். நீட்டிவிட்டு, எதையும் பார்க்க விரும்பாதவளாய் வெங்காயப் பாத்திப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உதயகலா பேணியை இரண்டு கையாலும் வாங்கினாள். உதட்டில் வைத்துத்தான் குடிப்பது என்று இரவே நினைத்து வைத்திருந்தாள். பேணி உயர்ந்தது. உதட்டுக்கு நாலு விரற்கடை மேலே போய் நின்றது. தலை தானாகவே பின்னால் சாய, தேத்தண்ணி நூல்போல இறங்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் அவளுடைய வாய்க்குள் விழுந்தது.